ஒல்லாந்து மூதாதையரைத் தேடிக் குடும்பத்தோடு நெதர்லாந்து: ஒரு முழுமையான வழிகாட்டி

டிக்கெட் எடுப்பது இந்த வழிகாட்டியில் ஏழாவது படியாகத்தான் வரும். ஆனால் அதை முதல் படியாக வைத்துக்கொண்டு வருகிறவர்கள்தான் அதிகம். ஆவணக்காப்பகத்தின் முகப்பில் நின்று, "எங்கள் குடும்பப் பெயர் இது, எங்கள் ஊர் எது?" என்று கேட்பார்கள். அங்கிருப்பவர் அன்பாகத்தான் பேசுவார். வெறும் பெயரை வைத்துக்கொண்டு அவரால் ஒன்றும் செய்ய முடியாது.

இது இலங்கைப் பறங்கியர் (அங்கே குடியேறிய ஐரோப்பியரின் வழிவந்தவர்கள்) குடும்பங்களுக்கும், பறங்கியர் வீட்டில் பெண் எடுத்த, கொடுத்த தமிழ்க் குடும்பங்களுக்கும் எழுதியது. தேடப்படுபவர் 1640க்கும் 1796க்கும் இடையில் ஒல்லாந்து, அதாவது டச்சு, கிழக்கிந்தியக் கம்பெனியின் கப்பலில் வந்து இறங்கியவர் என்று வைத்துக்கொள்கிறேன். அமெரிக்காவுக்கோ தென்னாப்பிரிக்காவுக்கோ போனவர்களின் வாரிசுகளுக்கு வழி வேறு.

கையில் இருக்க வேண்டியவை: ஒரு மடிக்கணினி, ஓர் அட்டவணைக் கோப்பு, வீட்டில் வயதானவர்களிடம் பேசப் பொறுமை, பயணத்துக்கு முன் குறைந்தது ஆறு மாத அவகாசம்.

1. குடும்பப் பெயரை விடுங்கள், ஓர் ஆளைத் தேர்ந்தெடுங்கள்

நெதர்லாந்தில் எல்லோரும் நிலையான குடும்பப் பெயர் வைத்துக்கொள்ள வேண்டும் என்று ஆணை வந்தது 1811இல், நெப்போலியன் காலத்தில். அதற்கு முன் பலர் தகப்பன் பெயரைத்தான் ஒட்டிக்கொண்டார்கள். பீட்டரின் மகன் யான் என்றால் யான் பீட்டர்ஸ், அவ்வளவுதான். 'வான் டென் பெர்க்' போன்ற பெயர்களை ஒன்றுக்கொன்று உறவே இல்லாத நூற்றுக்கணக்கான குடும்பங்கள் வைத்திருக்கின்றன. எனவே பெயர் ஒற்றுமையை உறவுக்குச் சான்றாக எடுக்கவே முடியாது.

உங்களில் தொடங்கிப் பின்னோக்கிப் போங்கள். அப்பா, தாத்தா, பூட்டன் என்று ஒவ்வொரு கண்ணிக்கும் ஒரு பத்திரம் வேண்டும். சங்கிலி போய் முட்டும் இடத்தில் நிற்கிற ஒருவர்தான் உங்கள் பயணத்தின் ஆள். எட்டுத் தலைமுறை பின்னால் உங்களுக்கு 256 மூதாதையர் இடம் இருக்கிறது. எல்லோரையும் தேடினால் ஒருவரும் கிடைக்கமாட்டார்.

பெயரைச் சொன்னாலே குலச்சின்னம் அச்சடித்துத் தரும் கடைகள் உண்டு. சுவரில் மாட்ட அழகாக இருக்கும். அது உங்கள் குடும்பத்துச் சின்னம் என்பதற்கு மட்டும் அது சான்று அல்ல.

2. வீட்டுப் பெட்டி, அப்புறம் கொழும்பு

1950, 60களில் ஆஸ்திரேலியா போன பறங்கியர் தங்கள் ஐரோப்பிய வம்சத்தைக் காட்ட வேண்டியிருந்தது. அதற்காகத் திரட்டிய வம்சாவளித் தாள்கள் மெல்பர்னில் ஏதோவொரு அத்தையின் பெட்டியில் இருக்கும். அதை முதலில் கேட்டு வாங்குங்கள். ஆனால் ஒரு எச்சரிக்கை: வெள்ளையர் என்று காட்டுவதற்காக எழுதப்பட்ட தாள் அது. சிங்களப் பாட்டியும் தமிழ்ப் பாட்டியும் அதில் காணாமல் போயிருக்க வாய்ப்பு அதிகம். சான்றாக எடுக்காமல் துப்பாக எடுங்கள்.

அடுத்தது 1908இல் கொழும்பில் தொடங்கிய ஒல்லாந்துப் பறங்கியர் சங்கத்தின் சஞ்சிகை. அதில் குடும்ப வாரியாக வம்சாவளிகள் வெளிவந்தன. பழைய இதழ்கள் இணையத்தில் கிடைக்கின்றன. முதல் தலைமுறையில் "இன்ன ஊரில் பிறந்தவர், இன்ன கப்பலில் வந்தவர்" என்று ஒரு வரி இருந்தால் உங்கள் வேலை பாதியாகக் குறையும். அதையும் சரிபார்க்காமல் நம்ப வேண்டாம்.

பிறகு தேவாலயப் பதிவேடுகள். கொழும்பு மாவட்டத்து ஒல்லாந்துச் சீர்திருத்தத் திருச்சபையின் பதிவுகள், 1677 முதல், ஃபேமிலிசர்ச் தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். கம்பெனி காலத்து அரசாங்கப் பத்திரங்களும், குடும்பங்களை ஊர் வாரியாகப் பதிந்த தோம்புகளும் கொழும்பு 7இல் உள்ள தேசிய சுவடிகள் திணைக்களத்தில் இருக்கின்றன.

இங்கே இரண்டு இடங்களில் புதியவர்கள் வழுக்குகிறார்கள்.

ஒன்று, திருமணப் பதிவில் "யான் ஹென்ட்ரிக்ஸ் வான் அம்ஸ்டர்டாம், படைவீரர்" என்றிருக்கும். 'வான் அம்ஸ்டர்டாம்' இங்கே அவர் வந்த ஊர், குடும்பப் பெயர் அல்ல. அதைப் பெயரின் பகுதியாக எடுத்துத் தேடினால் எந்தத் தளத்திலும் ஆள் கிடைக்கமாட்டார்.

இரண்டு, தேதி. '7பெர்' என்று எழுதியிருந்தால் ஜூலை இல்லை, செப்டம்பர். '8பெர்' அக்டோபர், '9பெர்' நவம்பர், 'எக்ஸ்பெர்' டிசம்பர். இந்த ஒரு பிழையால் திருமணத்துக்கு முன்பே குழந்தை பிறந்ததாகக் கணக்குப் போட்டுக் குழம்பிய குடும்பங்கள் உண்டு.

மனைவிமார் பற்றியும் இப்போதே மனதைத் தயார்செய்துகொள்ளுங்கள். கம்பெனிக் கப்பலில் வந்த சாதாரணப் படைவீரர் ஊரிலிருந்து மனைவியைக் கூட்டி வரவில்லை. இங்கே போர்த்துக்கேய வழிப் பெண்ணையோ, சிங்கள, தமிழ்ப் பெண்ணையோ, விடுதலை பெற்ற அடிமைப் பெண்ணையோதான் பலர் மணந்தார்கள். பதிவேட்டில் அவளுக்கு ஞானஸ்நானப் பெயர் மட்டுமே இருக்கும். 1659–61 பஞ்சத்தின்போது தஞ்சைப் பக்கத்திலிருந்து ஆயிரக்கணக்கானவர்களைக் கம்பெனி அடிமைகளாக வாங்கி இலங்கைக்கும் பத்தாவியாவுக்கும் (இன்றைய ஜகார்த்தா) ஏற்றி அனுப்பியது. உங்கள் வேரின் அந்தக் கிளைக்கு அம்ஸ்டர்டாமில் ஊர் இல்லை. பிள்ளைகளைக் கூட்டிப் போகும் முன் இதைச் சொல்லிவிடுவது நல்லது. கண்காட்சிக் கூடத்தில் அவர்களே கேட்டு நீங்கள் தடுமாறுவதைவிட.

3. கம்பெனிச் சம்பளப் பேரேட்டில் ஆளைப் பிடியுங்கள்

வேலையின் நடுநாயகம் இதுதான். இங்கே நேரம் செலவழித்தால் மற்றதெல்லாம் எளிது.

ஒவ்வொரு கப்பலுக்கும் கம்பெனி ஒரு சம்பளப் பேரேடு வைத்திருந்தது. கப்பலில் ஏறிய ஒவ்வொருவருக்கும் அதில் ஒரு கணக்கு. ஹேக் நகரில் உள்ள தேசிய ஆவணக்காப்பகம் இந்தப் பேரேடுகளிலிருந்து தேடக்கூடிய ஒரு தரவுத்தளம் உருவாக்கியிருக்கிறது. 'விஓசி ஓப்வாரன்டன்' (VOC opvarenden) என்று தேடினால் வரும்; விஓசி என்பது கம்பெனியின் டச்சுப் பெயர்ச் சுருக்கம். 18ஆம் நூற்றாண்டு முழுவதும், 1794 வரை, ஆறு லட்சத்துக்கும் மேற்பட்ட பதிவுகள். பெயர், சொந்த ஊர், பதவி, கப்பல், புறப்பட்ட நாள், பணி எப்படி, எங்கே முடிந்தது என்பதெல்லாம் அதில் உண்டு. 1700க்கு முந்தைய பேரேடுகள் பெரும்பாலும் அழிந்துபோயின. உங்கள் ஆள் அதற்கு முன் வந்தவர் என்றால் இந்தப் படியில் சிக்குவது அரிது. கொழும்புப் பத்திரங்களில்தான் ஊர்ப் பெயரைத் தேட வேண்டும்.

தேடும்போது முதலில் பெயரைப் பல எழுத்துகளில் போட்டுப் பாருங்கள். எழுத்தர் காதில் விழுந்தபடிதான் எழுதினார். சி, கே இரண்டும் மாறும். எஸ், இஸட் மாறும். ஒய் இருக்கும் இடத்தில் ஐஜே வரும். பெயரின் நடு எழுத்துகளுக்குப் பதில் நட்சத்திரக் குறி போட்டுத் தேடுவது பலன் தரும். 'வான்', 'டே' போன்ற முன்னொட்டுகளை விட்டுவிட்டு முக்கியப் பெயரை மட்டும் போடுங்கள். நெதர்லாந்துப் பட்டியல்களில் 'வான் டென் பெர்க்' பி எழுத்தின் கீழ்தான் இருக்கும்.

பத்துப் பேர் ஒரே பெயரில் வந்தால், இருக்கும் சான்றை வைத்து வடிகட்டுங்கள். கொழும்பில் முதல் குழந்தைக்கு ஞானஸ்நானம் ஆன தேதிக்கு முன் வந்து சேர்ந்தவரா? பதவி பொருந்துகிறதா? பணி ஆசியாவில் முடிந்ததா, ஊர் திரும்பினாரா? ஊர் திரும்பியவரையும், வழியில் கடலில் இறந்தவரையும் மூதாதையராக எழுதிக்கொண்ட வம்சாவளிகளைப் பார்த்திருக்கிறேன். பணி எப்படி முடிந்தது என்ற கடைசி வரியைப் படிக்காததால் வரும் வினை அது.

ஆள் கிடைத்ததும் அட்டவணையோடு நிற்காதீர்கள். பேரேட்டுப் பக்கத்தின் படத்தைத் திறந்து பாருங்கள். இடப்பக்கம் அவர் பட்ட கடன், வலப்பக்கம் ஈட்டிய சம்பளம். சாதாரணப் படைவீரரின் மாதச் சம்பளம் 9 கில்டர். கப்பல் ஏறும்வரை அவருக்குச் சாப்பாடும் படுக்கையும் கொடுத்து வைத்திருந்த விடுதிக்காரருக்குக் கடன்சீட்டு எழுதிக் கொடுத்திருப்பார். பல கணக்குகளில் அது 150 கில்டர். பதினாறு மாதம் உழைத்தாலும் தீராத கடன் அது.

அதே பக்கத்தில் மாதச் சீட்டு என்று ஒரு வரி இருக்கிறதா என்று தேடுங்கள். வருடத்துக்கு மூன்று மாதச் சம்பளத்தை ஊரில் இருக்கும் தாய்க்கோ மனைவிக்கோ பிள்ளைக்கோ கொடுக்கச் சொல்லி எழுதிவைப்பது அது. அந்த வரியில் ஓர் உறவின் பெயர் இருந்தால், ஒரே பெயருள்ள பத்துப் பேரில் உங்கள் ஆள் யார் என்பது முடிவாகிவிடும். ஊரில் ஒரு மனைவி இருந்திருக்கிறாள் என்பதும் அதில்தான் தெரியவரும். அந்தச் செய்தியைக் குடும்பத்தில் யாருக்கு எப்படிச் சொல்வது என்பது உங்கள் பாடு.

4. எழுதியிருக்கும் ஊர் இன்று எங்கே?

கம்பெனியில் வேலை பார்த்தவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேர் நெதர்லாந்துக்காரர்களே அல்லர். ஜெர்மன் நிலங்கள், ஸ்காண்டிநேவியா, இன்றைய பெல்ஜியம், சுவிட்சர்லாந்து என்று எங்கிருந்தெல்லாமோ வந்தவர்கள். படைவீரர்களில் இது இன்னும் அதிகம். உங்கள் 'ஒல்லாந்துத் தாத்தா' ஜெர்மன்காரராக இருந்தால், இந்தப் படியில்தான் அது தெரியும். டிக்கெட்டுக்கு முன் தெரிவது நல்லதுதானே.

ஊர்ப் பெயர்கள் டச்சு வடிவத்தில் இருக்கும். ஆகன் என்றால் ஜெர்மனியின் ஆஹன் நகரம். கோனிங்ஸ்பெர்கன் என்றால் இன்று ரஷ்யாவில் இருக்கும் கலினின்கிராட். நெதர்லாந்துக்குள்ளேயே ஒரே பெயரில் இரண்டு ஊர்கள் உண்டு: ஹெங்கலோ ஓவரைசல் மாகாணத்திலும் இருக்கிறது, கெல்டர்லாந்திலும் இருக்கிறது, பெர்கன் வட ஹாலந்திலும் உண்டு, லிம்பர்கிலும் உண்டு. வரைபடத்தில் முதலில் வந்ததைப் பிடித்துக்கொண்டு ஹோட்டல் போட்டுவிடாதீர்கள்.

இன்னொன்று: பெரிய நகரத்தின் பெயர் சொன்னவரெல்லாம் அங்கே பிறந்தவர் அல்லர். பக்கத்துக் கிராமத்தான் நகரத்தின் பெயரைச் சொல்வது அன்றும் வழக்கம்தான்.

5. அந்த ஊரின் பதிவேட்டில் பெற்றோரைத் தேடுங்கள்

நெதர்லாந்தில் அரசாங்கப் பிறப்பு, திருமண, இறப்புப் பதிவு பெரும்பாலான இடங்களில் 1811இல்தான் தொடங்கியது. அதற்கு முன் தேவாலயங்களின் ஞானஸ்நான, திருமண, அடக்கப் பதிவேடுகள்தான். 'வீ வாஸ் வீ', 'ஓபன் ஆர்க்கீவன்' ஆகிய இரு தளங்களிலும் தேடுங்கள். ஒன்றில் இல்லாதது மற்றதில் இருக்கும். அம்ஸ்டர்டாம் என்றால் நகர ஆவணக்காப்பகத்தின் சொந்தத் தளமே சிறந்தது.

கொழும்பில் சீர்திருத்தத் திருச்சபையில் மணந்தவர் என்பதற்காக ஊரிலும் அந்தச் சபைதான் என்று எண்ண வேண்டாம். கம்பெனி ஆட்சியில் அரசாங்கம் ஏற்றுக்கொண்ட சபை அதுவாகத்தான் இருந்தது. வேறு வழி இல்லாமல் போனவர்கள் உண்டு. லூதரன், கத்தோலிக்கப் பதிவேடுகளையும் பாருங்கள். ஜெர்மன்காரர் என்றால் புரட்டஸ்தாந்துப் பதிவேடுகளுக்கு ஆர்கியோன் (கட்டணம் உண்டு), கத்தோலிக்கப் பதிவேடுகளுக்கு மாட்ரிகுலா (இலவசம்).

டச்சுப் பதிவேடுகளில் ஒரு பெரிய வசதி, பெண்கள் திருமணத்துக்குப் பிறகும் பிறந்த வீட்டுப் பெயரிலேயே எழுதப்படுவார்கள். தாயைத் தேடும்போது கணவர் பெயரைப் போட்டால் ஒன்றும் வராது.

சில ஊர்களுக்கு ஏமாற்றம் காத்திருக்கிறது. மிடல்பர்க் நகரம் 1940 மே மாதம் எரிந்தபோது பழைய பதிவேடுகளில் பெரும்பகுதி போய்விட்டது. அங்கே பெற்றோர் பெயர் கிடைக்கவில்லை என்றால் தேடுவதை நிறுத்திவிட்டு அடுத்த படிக்குப் போகலாம்.

6. காப்பகத்துக்கு முன்கூட்டியே எழுதுங்கள்

எல்லாவற்றுக்கும் காப்பகம் போக வேண்டியதில்லை. ஒரு பத்திரம் படமெடுத்து இணையத்தில் ஏற்றப்பட்டிருந்தால் அதன் மூலப்பிரதியைப் பொதுவாக வெளியே எடுத்துத் தரமாட்டார்கள். தாத்தாவின் பேரேட்டைக் கையால் தொட்டுப் பார்க்கலாம் என்று கடல் தாண்டி வந்து, வாசிப்பறைக் கணினியில் வீட்டில் பார்த்த அதே படத்தைப் பார்த்துத் திரும்பியவர்கள் இருக்கிறார்கள்.

ஆகவே ஏற்றப்படாத பத்திரங்களைப் பட்டியலிட்டு அவற்றுக்கு மட்டும் போங்கள்: உள்ளூர் நோட்டரிப் பத்திரங்கள், அநாதை இல்லப் பதிவுகள் போன்றவை. மின்னஞ்சல் ஆங்கிலத்தில் போதும். பெயர், கப்பல், ஆண்டு, பேரேட்டின் எண், நீங்கள் ஏற்கெனவே தேடிய இடங்கள், ஒரே ஒரு கேள்வி. "எங்கள் குடும்பத்தைப் பற்றி இருக்கும் எல்லாவற்றையும் அனுப்புங்கள்" என்று எழுதினால் பொதுவான துண்டுப்பிரசுரம்தான் பதிலாக வரும்.

வாசிப்பறை எந்தெந்த நாட்களில் திறந்திருக்கும் என்பதையும் கேளுங்கள். வாரம் முழுவதும் திறக்காத இடங்கள் பல.

7. இப்போது தேதி, விசா, டிக்கெட்

இலங்கைக் கடவுச்சீட்டுக்காரர்களுக்கு ஷெங்கன் விசா வேண்டும். பயணத்துக்கு ஆறு மாதம் முன்பிருந்து விண்ணப்பிக்கலாம். குறைந்தது 15 நாட்களுக்கு முன் கொடுத்தாக வேண்டும். மருத்துவக் காப்புறுதி 30,000 யூரோவுக்குக் குறையக்கூடாது. மூதாதையரின் ஊர் ஜெர்மனியில் என்றால் எந்த நாட்டில் அதிக நாள் தங்குகிறீர்களோ அந்த நாட்டுக்கு விண்ணப்பியுங்கள்.

ஏப்ரல், மே துலிப் பருவம். கூட்டமும் அதிகம், விலையும் அதிகம். ஏப்ரல் 27 அரசர் தினம், காப்பகங்கள் மூடியிருக்கும். செப்டம்பர் என் தேர்வு.

ரயிலில் வங்கி அட்டையைத் தட்டி ஏறலாம், ஆனால் ஓர் அட்டைக்கு ஓர் ஆள்தான். அப்பாவின் அட்டையை நாலு பேரும் தட்டினால் வேலை செய்யாது. இறங்கும்போதும் தட்ட மறக்காதீர்கள்.

8. வழித்தடம்: கம்பெனி கிளையை வைத்து

கம்பெனிக்கு அம்ஸ்டர்டாம், மிடல்பர்க், டெல்ஃப்ட், ரோட்டர்டாம், ஹோர்ன், எங்க்ஹவுசன் என்று ஆறு கிளைகள். உங்கள் ஆள் எந்தக் கிளையின் கப்பலில் ஏறினார் என்பது பேரேட்டில் இருக்கும். அதை வைத்துத் திட்டமிடுங்கள். அவர் கால் பட்டிராத ஊர்களைச் சுற்றிப் பிள்ளைகளை அலுக்க வைக்காமல் இருக்க இதுதான் வழி.

அம்ஸ்டர்டாம் கிளை என்றால் ஆளெடுப்பு நடந்த கிழக்கிந்திய மாளிகை இன்றும் நிற்கிறது. இப்போது பல்கலைக்கழகக் கட்டடம். கப்பல் அருங்காட்சியகத்தின் படித்துறையில், 1749இல் இங்கிலாந்துக் கரையில் தரைதட்டிய 'அம்ஸ்டர்டாம்' கப்பலின் முழு அளவு மாதிரி இருக்கிறது. கீழ்த்தளத்தில் குனிந்து நடக்கச் சொல்லுங்கள். அதற்குப் பிறகு பிள்ளைகள் கேள்வி கேட்கத் தொடங்குவார்கள்.

வடக்குக் கிளைகளின் கப்பல்கள் டெக்செல் தீவருகே காற்றுக்காக வாரக்கணக்கில் காத்து நின்றன. தீவின் அவுடஸ்கில்ட் ஊரில் காப் ஸ்கில் அருங்காட்சியகத்தில் அந்த நங்கூரத் துறையின் பெரிய மாதிரி இருக்கிறது. ஒரே ஓர் இடம்தான் பார்க்க முடியும் என்றால் நான் இதைத்தான் சொல்வேன். பெரும்பாலானவர்கள் நெதர்லாந்தைக் கடைசியாகப் பார்த்தது இங்கிருந்துதான்.

மிடல்பர்க் கிளைக்காரர்களுக்கு ராமெகன்ஸ் கோட்டை. டெல்ஃப்ட் கிளையின் துறைமுகம் டெல்ஃப்ஸ்ஹாவன், இன்று ரோட்டர்டாமின் பகுதி. ரோட்டர்டாமின் பழைய நகர மையம் 1940 மே 14 குண்டுவீச்சில் அழிந்தது; டெல்ஃப்ஸ்ஹாவன் தப்பியது.

9. காப்பக நாள்

இரண்டு பெரியவர்கள் மட்டும் போங்கள். மற்றவர்கள் ஹேக்கில் மதுரோடாம் சின்னஞ்சிறு நகரத்துக்குப் போகலாம். தேசிய ஆவணக்காப்பகம் ஹேக் மத்திய ரயில் நிலையத்தை ஒட்டியே இருக்கிறது. அடையாள அட்டை, பென்சில், கைப்பேசி போதும். பையை வெளியே வைக்கச் சொல்வார்கள். பிளாஷ் இல்லாமல் படம் எடுக்கலாம்.

அங்கே படிக்க உட்காராதீர்கள். படம் எடுப்பதுதான் வேலை; அந்தக் கையெழுத்தைப் பழகவே வாரங்கள் ஆகும். ஒவ்வொரு பத்திரத்துக்கும் முதலில் அதன் எண் எழுதிய உறையைப் படமெடுத்துவிட்டு உள்ளே போங்கள். இல்லாவிட்டால் வீட்டுக்கு வந்து பார்க்கும்போது எந்தப் படம் எந்தப் பத்திரம் என்று தெரியாது.

10. ஊரில் ஒரு நாள்

கல்லறை தேடாதீர்கள். 1829க்கு முன் வசதியுள்ளவர்களைத் தேவாலயத்துக்குள்ளேயே தரைக்கடியில் புதைத்தார்கள். ஏழைகளை வெளியே அடையாளம் இல்லாமல். பிற்காலக் கல்லறைகளும் வாடகைக்குத்தான். தவணை முடிந்து யாரும் புதுப்பிக்காவிட்டால் அகற்றிவிடுவார்கள். 18ஆம் நூற்றாண்டுப் படைவீரரின் பெற்றோருக்குக் கல் இருக்காது.

தேடவேண்டியது ஞானஸ்நானம் நடந்த தேவாலயம். சிற்றூர்த் தேவாலயங்கள் வார நாட்களில் பூட்டிக் கிடக்கும். காரணத்தைச் சொல்லி இரண்டு மூன்று வாரத்துக்கு முன் எழுதினால் சாவி வைத்திருப்பவர் வந்து திறந்துவிடுவார்; உள்ளூர் வரலாற்று ஆர்வலர் ஒருவரையும் கூட்டி வருவார். அவரிடம் கேட்டால் இணையத்தில் இல்லாதது பல கிடைக்கும்.

கிளம்பும் முன் 'டோபோடைட்ரைஸ்' தளத்தில் ஊரின் பழைய வரைபடத்தைப் பாருங்கள். இருநூறு ஆண்டு வரைபடங்கள் வரிசையாக வரும். வீடு போயிருக்கும். கால்வாயும் தெருவின் வளைவும் பெரும்பாலும் அப்படியே இருக்கும். அதை வைத்து நடந்து பார்க்கலாம்.

11. திரும்பி வந்த முதல் வாரம்

படங்களுக்குப் பெயர் வையுங்கள்: காப்பகம், தொகுப்பு எண், பேரேட்டு எண், பக்கம். கம்பெனித் தொகுப்பின் எண் 1.04.02, அதற்குப் பின் வரும் எண்தான் உங்கள் பேரேடு. இணையச் சுட்டியை மட்டும் சேமித்து வைக்காதீர்கள். தளத்தைப் புதுப்பிக்கும்போது சுட்டி செத்துப்போகும். தொகுப்பு எண்ணை வைத்து எப்போதும் அதே பக்கத்தைத் திரும்ப எடுக்கலாம்.